வீட்டில் எத்தனை பேர்?

"லோக்சபாவுல நம்ம புதுச்சேரிக்கு மொத்தமே எத்தனை எம்.பி., தெரியுமா? ஒண்ணே ஒண்ணு!" பேப்பரை மடித்துப் போட்டுவிட்டுக் கத்தினார் பலராமன். "ஜனத்தொகையைப் பார்த்துதான் டெல்லியில எந்த ஊருக்கு எத்தனை நாற்காலின்னு முடிவு பண்ணுவான். கணக்கெடுக்க வந்தா ஒரு தலைகூட விட்டுப்போகக் கூடாது."

கத்தியது மனைவி லட்சுமியிடம். காதில் வாங்கியது, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த தனக்கொடி. மூலக்குளத்து அந்த வீட்டிலேயே தங்கிப் பன்னிரண்டு வருஷமாகச் சமைத்துப் போடுகிறவள்.

அவள் கண்முன்னே ஒரு பெரிய மண்டபம் மிதந்து வந்தது. வரிசை வரிசையாக நாற்காலிகள். இங்கே ஒரு பிள்ளை பிறந்தால் அங்கே ஒரு நாற்காலி கொஞ்சம் வளருமோ? தன்னாலும் ஒரு விரற்கடை வளர்ந்திருக்குமோ?

"ஐயா, என்னையும் எண்ணுவாங்களா?"

"ஆமா, நீ ஒருத்தி குறைஞ்சிட்டா டெல்லியே ஆடிப்போயிடும். கீரையைப் பாரு!"

தனக்கொடி குனிந்துகொண்டாள். ஊரில் அவளுக்கு வீடும் இல்லை, சொல்லிக்கொள்ள ஆளும் இல்லை. இங்கே எண்ணாவிட்டால் எங்கேயும் எண்ண மாட்டார்கள்.

பதினோரு மணிக்குக் கணக்கெடுக்கும் டீச்சர் துர்கா வந்தாள், செல்போனும் கையுமாக.

"வீட்டுல எத்தனை பேரு சார்?"

"மூணு."

தனக்கொடி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஐயா, அம்மா, பாரீசில் இருக்கும் பிள்ளை விக்ரம். மூணு சரியாகத்தான் இருந்தது. மண்டபம் சத்தமில்லாமல் கலைந்துபோனது. டீச்சருக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

சொம்போடு அவள் திரும்பும்போது லட்சுமி கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புள்ள பேரைச் சொல்லலையேங்க?"

"அவன் போயி பதினஞ்சு வருஷம் ஆச்சு, லட்சுமி. அந்த நாட்டுக்காரனாவே ஆயிட்டான். ஓட்டுகூட அங்கதான் போடறான். அவனை அங்க எண்ணிக்குவாங்க." பலராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ மூணாவது ஆளு பேரு சார்?"

"தனக்கொடி."

துர்காவின் விரல் போனில் நின்றது. "உங்களுக்கு என்ன உறவு? வேலை செய்யறவங்கன்னு போட்டுடவா?"

"தோ, அவளே வந்துட்டா. அவ என்ன உறவு சொல்றாளோ, அதையே போடுங்க."