எண்ணெய் தின்னும் கூட்டம்

கழிமுகத்தில் ஒரு கப்பல் தரைதட்டி உடைந்தது. அதிலிருந்து கசிந்த எண்ணெய் அலையோடு வந்து கரைச் சேற்றை மூடியது. கொக்குகள் வேறு கரை தேடிப் பறந்துவிட்டன. செம்பி என்ற நண்டுக்குப் பறக்கத் தெரியாது. அதன் வளை வாசலும் அடைபட்டுப் போயிருந்தது.

செம்பி வாசலைத் தோண்டத் தொடங்கியபோது சேற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, நிறுத்தாதீங்க. இன்னும் கொஞ்சம் தோண்டுங்க."

பேசியது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர்.

"நீ யாரு?" என்றது செம்பி.

"இந்தச் சேத்துலயே பொறந்தவங்க நாங்க. இந்த எண்ணெய் எங்களுக்குச் சாப்பாடு. ஆனா காத்து இல்லாம தின்ன முடியல."

"இவ்வளவையும் நீங்களா தின்னு தீர்ப்பீங்க?"

"இன்னைக்கே தீராது. ஆனா தின்னத் தின்ன நாங்க பெருகுவோம்."

செம்பி நம்பியும் நம்பாமலும் தோண்டியது. கால்கள் எண்ணெய் பட்டு எரிந்தன. ஈர மணலில் துடைத்துவிட்டு மறுபடி தோண்டியது. துளை வழியே காற்று இறங்கியது. நுண்ணுயிர்கள் தின்றன, பெருகின, மறுபடி தின்றன. மழைக்காலம் வருவதற்குள் வளையைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சேறு தன் நிறத்துக்குத் திரும்பியிருந்தது. அதைப் பார்த்து மற்ற நண்டுகளும் தோண்ட வந்தன.

முதல் புயலில், உடைந்த கப்பலில் தங்கியிருந்த மிச்ச எண்ணெயும் கரைக்கு வந்தது. தோண்டிய துளைகளெல்லாம் மூடிக்கொண்டன.

செம்பி சேற்றில் முகம் வைத்துக் கேட்டது: "உள்ள இருக்கீங்களா?"

"இருக்கோம் அக்கா. இப்ப நாங்க நிறைய பேரு. பசியோட இருக்கோம்."

செம்பி முதல் பிடிச் சேற்றை அள்ளி வெளியே போட்டது.