தாரியாவை ஏன் நீக்கினார்?

"என் பொண்ணை எதுக்கு டீமை விட்டுத் தூக்கினீங்க?"

படகைச் சரியாகக் கட்டாமலே கரையேறி வந்து கத்தினாள் பெலாகியா.

வாசலில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த உலியானா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கணவர் சிமியோன், ருமேனியாவுக்காகத் துடுப்புப் படகில் உலகப் போட்டிகளில் தங்கம் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு, டான்யூப் கரையிலுள்ள தன் ஊரிலேயே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

"தாரியா கையில வேகம் பத்தாது, பெலாகியா. புக்கரெஸ்ட் முகாமுக்கு அனுப்பினா தாங்க மாட்டா" என்றார், வாசலுக்கு வந்த சிமியோன்.

"வேகம் பத்தாதா? போன வாரம் பசங்களையே பின்னால விட்டாளே! உங்களுக்கு அப்புறம் இந்த ஊர்ல இன்னொருத்தர் பேர் வாங்கிடக் கூடாது. அதானே?"

"அப்படியே வெச்சுக்கோ."

"நல்லா இருங்க!"

படகு நாணல் மறைவுக்குப் போகும்வரை அவள் திட்டு ஓயவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்து மூடின.

உலியானாவுக்கு மானம் போனது.

"ஏங்க, தாரியா மாதிரி துடுப்பு போட ஆளே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? நிஜமாவே பொறாமையா?"

சிமியோன் நிதானமாக டீயை ஊற்றிக்கொண்டார்.

"நேத்து படகுக் கொட்டகையில உட்கார்ந்து அழுதா. 'எனக்கு இது பிடிக்கலை மாமா. மாட்டு டாக்டருக்குப் படிக்கணும். அம்மாகிட்ட சொல்ல பயமா இருக்கு. நீங்களே என்னை வேண்டாம்னு சொல்லிடுங்களேன்'னா."

"அதை பெலாகியாகிட்ட சொல்றதுக்கென்ன? ஊர் பூரா இனி உங்களைத்தான் ஏசும்."

"சொன்னா அந்தப் புள்ளையைப் பிச்சு எடுத்துடுவா. என்னை ஏசிட்டுப் போகட்டும்."

"ஆனாலும், தங்கம் வாங்க வேண்டிய கைங்க..."

சிமியோன் டீ கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கும் படகுன்னா பிடிக்காது, உலியானா."

"என்ன சொல்றீங்க?"

"அவ வயசுல, கோச் நம்மளை வேண்டாம்னு சொல்லிட மாட்டாரான்னு தினமும் ஏங்குவேன். வாயைத் திறந்து கேட்க எனக்கு தைரியம் வரலை. இந்தப் பாழாப்போன கையோ, ஜெயிச்சுக்கிட்டே இருந்துச்சு."