இருபத்தாறு வருடச் செவிடு

கண்ணாடிப் பெட்டி போன்ற அந்தச் சின்ன அறைக்குள், காதில் பெரிய ஹெட்போனோடு என் வீட்டுக்காரர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

சத்தம் கேட்டால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அவர் அழுத்தவே இல்லை.

பரிசோதிக்கிற பெண் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கே கேட்டிருக்கும்.

"சண்டையில குண்டு விழுந்து போன காதும்மா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

பதுங்குகுழிக்குப் பக்கத்தில் விழுந்த குண்டு. கூட இருந்த நண்பன் போய்விட்டான். இவருக்குக் காது போனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. என் மூட்டுவலி மூன்று வீடு தள்ளியும் தெரியும்.

மகள்தான் காது மெஷின் வாங்கித் தருகிறேன் என்று அடம்பிடித்து எங்களை இங்கே அனுப்பியிருந்தாள்.

அந்தப் பெண் இவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஒலியை அடியோடு குறைத்து, மைக்கில் முணுமுணுத்தாள்.

"ஐயா, உங்க காலர்ல பல்லி."

இவர் துள்ளி எழுந்து சட்டையை உதறினார்.

பல்லி இல்லை. இவர் உதறிய கையோடு அப்படியே நின்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் நான் இத்தனை வருடம் முணுமுணுத்ததெல்லாம் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது. அவர் அம்மாவைப் பற்றி. அவர் மூக்கைப் பற்றி.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏதோ ஃபைல் எடுக்க வேண்டும் என்று வெளியே போய்விட்டாள்.

நான் உள்ளே போனேன். கத்தவில்லை. "எத்தனை நாளா?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில இருந்தப்பவே திரும்பிடுச்சு."

"அப்புறம் எதுக்குய்யா என் தொண்டையை வாங்கினே?"

அவர் பொத்தானை உருட்டிக்கொண்டே சொன்னார். செத்த நண்பனின் அப்பா எங்கள் எதிர் வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவர் வந்து கேட்டாராம், என் பையன் எப்படிப் போனான் என்று. அப்போதைக்குத் தப்பிக்க, காதைத் தொட்டுக் காட்டியிருக்கிறார் இவர். அந்த மனிதரும் விடவில்லை. வாரம் ஒருமுறை வந்து கேட்டபடியே இருக்கிறார்.

பட்டாளத்திலிருந்து அவருக்கு வந்த கடிதத்தில், ஒரு நொடியில் உயிர் போனது என்று எழுதியிருந்தார்கள்.

"நொடியில இல்ல" என்றார் இவர். "அவர் கேக்குறது காதுல விழுந்தா நான் சொல்லியாகணும். எனக்குப் பொய் வராதே."

இருபத்தாறு வருடம் செவிடாக இருந்த மனிதர், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு இதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது எதிர் வீட்டுப் பெரியவர் எங்கள் வாசலிலேயே காத்திருந்தார்.

"மெஷின் வெச்சா கேக்குமாம்மா?"

எனக்குப் பொய் நன்றாகவே வரும்.

"நரம்பே செத்துப்போச்சாம் ஐயா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம்."

அவர் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டாம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நீளமாக ஒரு மூச்சு விடுவதுதான் கேட்டது.

"போகட்டும்மா. இனிமே இவனை எங்கயும் அலைய விடாதே" என்று இவர் தோளைத் தட்டினார்.

பிறகு பெரியவர் திரும்பி, தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த காய்கறி வண்டியை ஒரே குரலில் நிறுத்தினார். கம்பியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர்.

அந்தக் கேள்வியை மட்டும் அவர் எப்போதும் முணுமுணுத்துத்தான் கேட்டார். இவர் "ஆங்?" என்றால், அந்த வாரம் மறுபடி கேட்டதே இல்லை.