வெற்றுவெளியில் ஒரு முடிச்சு

அவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தயாளன் அவளுடைய மேசைமுன் உட்கார்ந்து, கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

மருத்துவமனைப் பையை எடுத்துவரத்தான் அவனை உள்ளே அனுப்பியிருந்தாள். பை அவன் காலடியில் கிடந்தது.

ராகு காலம் பார்ப்பவர்களைக் கேலி செய்தே பாதி வயதைக் கழித்தவன் அவள் கணவன். இப்போது வீட்டில் ஒரு முடிச்சுகூட மிஞ்சக்கூடாது என்பதுபோல் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் ஸ்கேனில் டாக்டர் காட்டியிருந்தார். தொப்புள்கொடியில் ஒரு முடிச்சு. குழந்தை எப்போதோ கரணம் போட்டதில் விழுந்தது. முடிச்சு இருப்பதில் பயமில்லை, இறுகத்தான் கூடாது என்றார். சாயங்காலமே வந்து சேர்ந்துவிடச் சொன்னார். காலையில் ஆபரேஷன்.

அப்போதிலிருந்து அவளுக்குப் பாதி மூச்சுதான்.

அவள் இயற்பியல் ஆராய்ச்சிக்காரி. பொருள் என்று தனியாக எதுவும் இல்லை, வெற்றுவெளி தனக்குத்தானே போட்டுக்கொண்ட முடிச்சுதான் துகள், அதைச் சுற்றி வெளி வளைவதுதான் ஈர்ப்பு. இதை நிரூபிக்கத்தான் இத்தனை வருடமாக மல்லுக்கட்டுகிறாள். யோசிக்க வசதியாகக் கயிறுகளை முடிந்து, இரு நுனிகளையும் சேர்த்து ஒட்டி வைத்திருப்பாள்.

பல கயிறுகள் பார்க்கத்தான் சிக்கல். பொறுமையாக இழுத்தால் வெறும் வளையமாகிவிடும். அத்தனையும் இப்போது மேசைமேல் வளையங்களாகக் கிடந்தன.

"ஒண்ணு மட்டும் வரமாட்டேங்குது" என்றான்.

அது வராது. அதுதான் நிஜ முடிச்சு. அவிழாததால்தான் உலகம் நிற்கிறது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

அவன் கத்தரிக்கோலை எடுத்தான்.

அவள் உள்ளே வந்தாள். வெட்டினால் முடிச்சு போகும். முடிச்சோடு துகளும் போகும். இதில் எது நல்ல சகுனம்?

சகுனம் என்ற சொல் தன் மனதில் வந்ததே அவமானமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கத்தரியை வாங்கி இழுப்பறையில் போட்டாள்.

கயிற்றைக் கையிலெடுத்து மெல்லத் தளர்த்தினாள். ஒரு பக்கம் இளக்கினால் இன்னொரு பக்கம் இறுகியது. விடாமல் சுற்றிச் சுற்றி நெகிழ்த்தினாள். கடைசியில் அந்த வளைவுகளுக்குள் அவள் கை தாராளமாகப் போய்வந்தது. முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது.

மேசை நடுவில் வைத்தாள்.

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. தயாளன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான்.

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். கயிறு காற்றில் லேசாக அசைந்தது.

திரும்பி வந்து மின்விசிறியை அணைத்தாள். இறக்கைகள் முழுக்க நிற்கும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.