கீழ் வீடு

அளவு நாடாவைக் குளியலறை வாசலில் நீட்டிப் பிடித்தாள்.

இருபத்தொன்பது அங்குலம்.

மறுபடி அளந்தாள். இருபத்தொன்பதுதான்.

இரண்டு மாதத்தில் அவள் பார்க்கும் பதினோராவது வீடு. மற்ற பத்திலும் அவளுடைய சக்கர நாற்காலி கூடம்வரை தாராளமாகப் போனது. குளியலறை வாசலில் நின்றுவிட்டது.

இங்கே நுழைந்தது. உள்ளே முழுதாக ஒரு சுற்றுத் திரும்பியது.

வீட்டுக்காரர் நஞ்சப்பன் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். 'கூட யாரு இருப்பாங்க?' என்று எல்லோரும் கேட்பதை அவர் கேட்கவில்லை.

"எப்படித் திரும்புனீங்க? இன்னொருக்கா காட்டுங்க."

காட்டினாள்.

"கதவை யாரு சாத்துவாங்க?"

"நானேதாங்க."

அதையும் பார்க்க விரும்பினார். அவளுக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் அவர் பார்வை அவள்மேல் இல்லை. சக்கரத்தில் இருந்தது.

"உங்க வீட்ல யாருக்குங்க நாற்காலி?" என்று கேட்டாள்.

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"சம்சாரத்துக்குங்க. துளசிமணி. மாடியில இருக்கா. கால் விழுந்து நாலு வருசமாச்சு. இதே மாதிரி நாற்காலி வாங்குனோம். மேல எந்தக் கதவுலயும் நுழையலைங்க. பின்னறைக் கட்டிலோட சரி."

குளியலறை நிலையைத் தொட்டுப் பார்த்தார்.

"கீழ நுழையும்னு எனக்குத் தோணவே இல்லைங்க."

அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க. வீட்டை இப்ப வாடகைக்கு விடலைங்க."

நாடாவைச் சுருட்டினாள். அலுவலகம் இங்கிருந்து பத்தே நிமிடம். வாசலில் ஒரே படி.

இருந்தாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அவங்களைக் கேட்டீங்களா?"

அவர் படியேறிப் போனார்.

வெறும் கூடத்தில் காத்திருந்தாள். மேலே அவர் குரல். பிறகு ஒரு பெண் குரல் மாடிப்படி வழியாக இறங்கி வந்தது. சத்தம் போட்டுப் பழக்கம் விட்டுப்போன குரல்.

"ஏனம்மிணி, உக்காந்துட்டே பாத்தா அந்த ஜன்னல்ல ரோடு தெரியுதா?"

அவள் ஜன்னலுக்கு நகர்ந்தாள்.

'தெரியலை' என்று சொல்லலாம். அந்த அம்மா மேலேயே இருந்துவிடக்கூடும்.

கொக்கியை விலக்கி ஜன்னல் கதவைத் தள்ளினாள்.

"தெரியுதுங்க்கா. எதுத்தாப்பல ஒருத்தர் வண்டியில துணி தேச்சுட்டு இருக்காரு."

மேலிருந்து அடுத்த கேள்வி வந்தது.

"இன்னும் கரிப்பெட்டிதானா?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேய்ப்புப் பெட்டியைப் பார்க்க முன்னால் சாய்ந்தாள்.