ஆளில்லை என்று நீக்கப்பட்ட ஒலி

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை.

கேட்பதற்கு ஆளில்லை என்று சொல்லி ஓர் ஒலியை நீக்கிவிட்டார்கள். ஆளில்லைதானா என்று எவரும் விசாரிக்கவில்லை.

அலுவலகப் படிக்கட்டில் அமர்ந்து மங்கையர்க்கரசி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். கைப்பேசி அழைத்தது.

திண்டுக்கல்லிலிருந்து சவரிமுத்து. அங்கே பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் பிரெய்ல் அச்சு இயந்திரத்தை இயக்குகிறவர். அவருக்கும் பார்வை இல்லை.

"மங்கையம்மா, சாப்ட்டீகளா?"

"இனிமேத்தான்ணே. சொல்லுங்க."

"நாளையிலேர்ந்து மிஷின்ல வேற ஆளு உக்காருவாரு. போன்லயே சொல்லிக் குடுத்துருங்க. கண்ணு தெரிஞ்சவரு, வெரசாப் புடிச்சுக்குவாரு."

அவள் டப்பாவை மூடினாள்.

"நீங்க எங்கண்ணே போறீங்க?"

"எங்க போக? பைண்டிங்குக்குத்தான். கண்ணு பொறந்ததுலேர்ந்தே லீவு. இப்பக் காதும் லீவு கேக்குது."

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்த இயந்திரம் தாளில் புள்ளி குத்தும்போது எழும் இரைச்சல் தாங்க முடியாதது. ஆகவே அதை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். தாள் தீர்ந்தால் அதை ஓட்டும் கணினி மூன்று முறை 'பீப்' என்று ஒலிக்கும். ஒரு நிமிடம் காத்திருக்கும். பிறகு, தாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குத்தத் தொடங்கிவிடும்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் புதுத் தாள் வைப்பதுதான் சவரிமுத்துவின் வேலை.

பழைய கணினி மூன்றாண்டுகளுக்கு முன் பழுதானது. அதன் செயலி புதிய கணினியில் ஓட மறுத்தது. புதிய கணினியைப் பழைய கணினியாகவே நடந்துகொள்ளச் செய்யும் எமுலேட்டர் ஒன்றை மங்கையர்க்கரசி நிறுவிக் கொடுத்தாள். அது எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எவரும் திருத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்ட மென்பொருள். பல நாடுகளில் இருந்தபடி அதை எழுதுகிறவர்களுள் அவளும் ஒருத்தி.

"என்னண்ணே ஆச்சு?"

"மூணு தடவை தாள் தீந்தது தெரியாம வெறும் உருளையில குத்த விட்டுட்டேன். பத்தாங்கிளாஸ் கணக்குப் புஸ்தகத்துல முக்கோணவியல் பாதியக் காணோம். பிள்ளைக தடவிப் பாத்துட்டு, 'அண்ணே, சைன் தீட்டாவ வித்துட்டீகளா'ன்னு கேக்குதுக. அரையாண்டுப் பரீட்சை வருது. வயசானா சன்னச் சத்தந்தான் மொதல்ல போகுமாம். ஹெட்மாஸ்டர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன்."

"எப்பயிலேர்ந்து கேக்கல?"

"போன மாசம் நீங்க புது வெர்ஷன் மாத்திக் குடுத்தீகள்ல, அதுலேர்ந்து. மிஷின் ஜோராத்தான் ஓடுது. நாந்தான் ஓடல."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

எமுலேட்டரின் நிரலில், அந்த 'பீப்' ஒலியை எழுப்பும் நாற்பத்தேழு வரிகள். சிவப்பில், நீக்கப்பட்டவையாக.

காரணம்: பழங்காலத்து இரைச்சல். இன்று எவரும் கேட்பதில்லை.

அந்த மென்பொருளை எழுதுகிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாற்றத்தை எழுதியவர் தாமே அதை ஏற்றுக்கொள்ள முடியாது. வேறொருவர் வரிவரியாகப் படித்து, தம் பெயரைக் கீழே இட வேண்டும். அதன் பிறகும் ஒரு வாரம் எல்லாருடைய பார்வைக்கும் தங்கள் மின்னஞ்சல் குழுவில் வைத்திருப்பார்கள். மறுப்பு வராவிட்டால் சேர்த்துவிடுவார்கள்.

மறுப்பு வரவில்லை.

மறுக்க வேண்டியவர் அந்தக் குழுவில் இல்லை. அப்படி ஒரு குழு இருப்பதையே அவர் அறியார்.

படித்தவர் என்ற இடத்தில் மங்கையர்க்கரசி என்று இருந்தது.

காந்திபுரத்தில் ஏறி, பீளமேட்டில் இறங்குவதற்குள் பேருந்திலேயே படித்து முடித்திருந்தாள். வரிகளில் பிழை இல்லை. ஒலியை அணைத்து வைத்த கைப்பேசியில்தான் படித்தாள்.

"அண்ணே."

"சொல்லுங்கம்மா."

"உங்க காதுக்கு ஒண்ணுமில்ல. சத்தத்தையே நாங்க எடுத்துட்டோம். எடுக்கலாம்னு கையெழுத்துப் போட்டது நான்."



மறுமுனையில், காதருகே விரல் சொடுக்கும் ஓசை.

சற்று விலகி, மறுபடியும்.

இன்னும் விலகி, மிக மெல்ல, மறுபடியும்.

"கேக்குதும்மா" என்றார்.

பழைய பதிப்பை இணையம் வழியே அவருடைய கணினியில் திருப்பி வைக்க இருபது நிமிடம் ஆயிற்று. இதற்குள் அவர் தலைமையாசிரியரின் அறைக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

ஆனால் அவர் ஒருவருக்குத்தான் அவளுடைய தொலைபேசி எண் தெரியும். எத்தனை ஊர்களில் எத்தனை பேர் இன்று தங்கள் காதுகளைச் சந்தேகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் அறியாள்.

நாற்பத்தேழு வரிகளையும் மீண்டும் சேர்த்துக் குழுவுக்கு அனுப்பினாள். காரணம் என்ற இடத்தில் நடந்ததை எழுதினாள். தன் கையொப்பத்தையும் மறைக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் ஒருவர் கேட்டிருந்தார். ஒரே ஒருவருக்காகவா?

அவள் பதில் எழுதினாள்.

"ஆம். ஒருவர் போதும். இதை ஏற்க இன்னொருவர் பெயர் வேண்டும். என் பெயர் செல்லாது. இதைப் படிக்கிறவர் எவராயினும் உங்கள் திரையை அணையுங்கள். அரைமணி நேரம் அப்படியே வேலை செய்யுங்கள். அதன் பிறகும் இந்த ஒலி வேண்டாம் என்று தோன்றினால், மறுப்பைப் பெயரோடு எழுதுங்கள். தோன்றாவிட்டால், கையொப்பமிடுங்கள்."