சூடில்லாத பல்பு

அருளாயிக்குக் கண் தெரியாது. மேஜை விளக்கின் பக்கம் கையை நீட்டிப் பார்ப்பாள்; சூடு தட்டினால், கணவர் லூர்துசாமி உட்கார்ந்து வாசிக்கிறார் என்று தெரிந்துகொள்வாள்.

அன்று மாலை அவர் அறுபது வாட் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பை மாட்டினார். வெளிச்சம் குறையவில்லை. செய்தித்தாளை விரித்தார். சற்று நேரத்தில் அவள் கை நீண்டது.

“ஏங்க, கரண்ட் போயிடுச்சா?”

“எரியுது அருளு. இது புது பல்பு. சூட்டுல கரண்ட வீணாக்காது.”

“அப்ப நீங்க இருக்கீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

லூர்துசாமி பழைய பல்பைக் கையில் எடுத்தார். கொஞ்சம் யோசித்து, அதைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். எங்கோ ஓர் ஏரி நிரம்பியிருந்தது. யாரோ ஒருவருக்கு எழுபது வயதில் கல்யாணம்.

அருளாயி சிரித்துவிட்டாள்.

“இதையெல்லாம் இத்தன நாளும் தனியாவா படிச்சீங்க?”